எங்கள் தெருவுக்கு வந்த புகை வண்டி

புகை வண்டி என்றதும் ரயிலை நினைத்துக் கொள்ளாதீர்கள். ஐப்பசி பிறந்து நாலு மழை பெய்ததும் சென்னைத் தெருக்களில் சாயங்கால வேளையில் ஒரு வண்டி வருகிறதே, காதைத் துளைக்கும் சத்தத்தோடு வெள்ளை வெளேரென்று புகையைக் கக்கிக்கொண்டு போகிறதே, அந்த வண்டியைச் சொல்கிறேன். கொசு மருந்து வண்டி.

அது வந்தால் எங்கள் தெருவில் திருவிழாதான். பையன்கள் புகைக்குள் புகுந்து ஓடுவார்கள். தாய்மார்கள், "இருமல் வரும், உள்ளே வாடா!" என்று கத்துவார்கள். மற்றவர்கள் அவசரம் அவசரமாகக் கதவையும் ஜன்னலையும் சாத்துவார்கள். இரண்டு நிமிஷத்தில் வண்டி அடுத்த தெருவுக்குப் போய்விடும். புகை கலைந்ததும் பக்கத்து வீட்டுக்காரர் மாடியிலிருந்து எட்டிப் பார்த்து, "பரவாயில்லை சார், கார்ப்பரேஷன் வேலை செய்கிறது!" என்று சர்ட்டிபிகேட் கொடுப்பார்.

இரண்டு வருஷத்துக்கு முன்பு அவர் அப்படிச் சொன்ன ஒரு சாயங்காலம், அவருடைய எட்டு வயதுப் பையன் உள்ளே மூன்று நாளாக ஜுரத்தில் படுத்துக் கிடந்தான். வண்டி வந்தபோது அந்த வீட்டுக் கதவும் சாத்தித்தான் இருந்தது. பையனைக் கடித்த கொசு அப்போது எங்கே இருந்திருக்கும் என்கிறீர்கள்? சாத்திய கதவுக்கு உள்ளே, கட்டிலுக்கு அடியிலோ, கொடியில் தொங்கும் சட்டைகளின் இடுக்கிலோ சுகமாக உட்கார்ந்திருக்கும். டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசுவுக்குச் சாக்கடை பிடிக்காது. நல்ல தண்ணீர்தான் பிடிக்கும். தெருவைவிட வீடுதான் பிடிக்கும். பகலில் கடிக்கும், கடித்துவிட்டு இருட்டு மூலையில் ஓய்வெடுக்கும். தெருவில் போகும் புகை அந்த மூலைக்கு எட்டுவதில்லை. எட்டிவிடுமோ என்றுதான் நாமே கதவைச் சாத்தி, கொசுவுக்கு அபயம் கொடுத்து விடுகிறோமே!

புகையே கூடாது என்று நான் சொல்ல வரவில்லை. ஒரு தெருவில் பலருக்கு ஜுரம் கண்டுவிட்டால், பறந்து திரியும் கொசுக்களில் சிலவற்றையாவது உடனே கொல்ல வேண்டும்; அதற்குப் புகை கொஞ்சம் உதவும். வீட்டுக்குள்ளேயே கொண்டுவந்து அடித்தால் இன்னும் கொஞ்சம் உதவும். ஆனால் தண்ணீரில் நெளியும் புழுவைப் புகை ஒன்றும் செய்யாது. இன்று நூறு கொசு செத்தால், வாரம் கழித்து அதே டிரம்மிலிருந்து இன்னொரு நூறு கிளம்பும். அப்படியிருக்க, டெங்கு என்ற சொல் பத்திரிகையில் வந்தவுடன் முதலில் கிளம்புவது இந்த வண்டிதான். காரணம் கண்டுபிடிப்பது கஷ்டமில்லை. புகை கண்ணுக்குத் தெரிகிறது. படம் பிடிக்க முடிகிறது.

ஜுரம் விட்ட நாள்

பையன் விஷயத்துக்கு வருகிறேன். நாலாம் நாள் காலையில் ஜுரம் விட்டுவிட்டது. வீட்டில் ஒரே சந்தோஷம். மிளகு ரசம் சாதம் பிசைந்து கொடுத்தார்கள். இரண்டு வாய் சாப்பிட்டுவிட்டு வாந்தி எடுத்தான். மத்தியானம் வயிறு வலிக்கிறது என்றான். மறுபடியும் மறுபடியும் வாந்தி. சாயங்காலம் தொட்டுப் பார்த்தால் கையும் காலும் சில்லிட்டிருந்தன. அருகில் இருந்த ஒரு கிளினிக்கில் கொண்டுபோய்க் காட்டினார்கள். "ஜுரம்தான் போய்விட்டதே, இது வெறும் களைப்பு" என்று ஒரு டானிக்கை எழுதிக் கொடுத்து அனுப்பி விட்டார்கள். ராத்திரி பத்து மணிக்குப் பையன் கூப்பிட்டதற்குப் பதில் சொல்லாமல் மலங்க மலங்க விழித்தான். ஆட்டோவில் தூக்கிப் போட்டுக்கொண்டு சர்க்கார் ஆஸ்பத்திரிக்கு ஓடினோம். நானும் கூடப் போயிருந்தேன்.

அன்று வார்டில் இருந்த டாக்டர் சின்ன வயதுப் பெண். என் பேத்தி வயதுதான் இருக்கும். பையனின் கையைப் பிடித்துப் பார்த்துவிட்டு நர்ஸுக்கு ஏதோ உத்தரவு போட்டார். ஐந்து நிமிஷத்தில் பாட்டில் மருந்து ஏறத் தொடங்கிவிட்டது. விடியற்காலையில் கொஞ்சம் ஓய்வு கிடைத்தபோது என்னிடம் சொன்னார்: "எல்லாரும் ஜுரம் அடிக்கும்போது பயப்படுகிறார்கள், தாத்தா. டெங்குவிலே ஜுரம் விடும்போதுதான் நாங்கள் பயப்படுவோம்."

இந்த ஒரு வாக்கியத்தை ஒவ்வொரு தெரு முனையிலும் எழுதி வைக்கலாம் என்று எனக்குத் தோன்றியது. டெங்கு கண்டவர்களில் பெரும்பாலோர் தாமாகவே தேறி விடுகிறார்கள். சிலருக்கு மட்டும், மூன்றாம் நாளிலிருந்து ஏழாம் நாளுக்குள் ஜுரம் இறங்கும் சமயத்தில், ரத்தக் குழாய்களிலிருந்து நீர் கசிந்து வெளியேறத் தொடங்குகிறது. உள்ளே இருக்கும் ரத்தம் கெட்டியாகிறது, அழுத்தம் விழுகிறது. அந்த ஒன்றிரண்டு நாள்தான் கண்டம். வயிற்று வலி, ஓயாத வாந்தி, ஈறிலோ மூக்கிலோ ரத்தம், தாங்க முடியாத சோர்வு, கை கால் சில்லிடுதல், சிறுநீர் குறைதல் இவற்றில் ஒன்றைக் கண்டாலும் ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும். அங்கே செய்யும் வைத்தியம் ஒன்றும் தங்க பஸ்பம் இல்லை. உப்புச் சேர்ந்த நீரை நரம்பில் அளவோடு ஏற்றுகிறார்கள். குறைந்தாலும் ஆபத்து, கூடினாலும் ஆபத்து. அதனால் மணிக்கு மணி யாராவது பக்கத்தில் நின்று பார்க்க வேண்டும். விலை உயர்ந்த சரக்கு அந்தப் பார்வைதான்.

ஆனால் வார்டுக்கு வெளியே நடந்தது வேறு. பையனின் மாமா ஒருவர், "தட்டணு எண்பதாயிரத்துக்கு இறங்கிவிட்டது!" என்று தலையில் கை வைத்துக்கொண்டு, ராத்திரி முழுவதும் ரத்த வங்கி ரத்த வங்கியாக அலைந்தார். அவர் மட்டுமா? டெங்கு என்றால் ஊரே இந்த எண்ணைத்தான் ஜபிக்கிறது. ரத்தம் கசியாதவரை, எண்ணிக்கை 10,000-க்கும் கீழே போனாலொழியத் தட்டணு ஏற்றத் தேவையில்லை என்பது நமது டாக்டர்களுக்குக் கொடுக்கப்பட்டிருக்கும் வழிகாட்டுக் குறிப்பு. அந்த டாக்டர் பெண்ணும் தட்டணு கேட்கவே இல்லை. நீரைத்தான் பார்த்துப் பார்த்து ஏற்றினார். பையன் ஒன்பதாம் நாள் வீட்டுக்கு வந்தான்.

அடுத்த படுக்கையில் ஒரு பெண் குழந்தை இருந்தது. வெளியூரிலிருந்து மூன்று இடங்களில் காட்டிவிட்டுக் கொண்டு வந்திருந்தார்கள். விடிவதற்குள் அந்தப் படுக்கை காலியாகிவிட்டது.

நிலவேம்புக் கஷாயத்தைப் பற்றி இங்கே யாராவது கேட்பார்கள். 2012-லிருந்து சர்க்காரே தெருவுக்குத் தெரு கொடுத்து வந்தது; 2017-ல் அதை ஒட்டிப் பெரிய சண்டையே நடந்தது. அந்தச் சண்டையில் சேர எனக்கு உத்தேசமில்லை. ஆனால் கஷாயம் குடித்தாயிற்று, பப்பாளி இலைச் சாறும் கொடுத்தாயிற்று என்ற தைரியத்தில் அந்த இரண்டு நாளைக் கோட்டை விட்டுவிடக் கூடாது. இன்னொன்று: உடம்பு வலிக்கு என்று கடையில் கேட்டு ஆஸ்பிரினோ, புரூபென் வகை மாத்திரையோ வாங்கிப் போடக் கூடாது, ரத்தக் கசிவு அதிகமாகும். பாரசிட்டமால் போதும்.

ஆட்டுக்கல்லில் ஒரு பண்ணை

இனிமேல் சொல்லப் போவது எனக்குக் கொஞ்சம் வெட்கமான சமாசாரம்.

பையனை ஆஸ்பத்திரியில் சேர்த்த மூன்றாம் நாள், கார்ப்பரேஷனிலிருந்து ஓர் அம்மாளும் ஒரு மேற்பார்வையாளரும் எங்கள் தெருவுக்கு வந்தார்கள். ஒரு வீட்டில் டெங்கு என்றால் சுற்றுப்புற வீடுகளையெல்லாம் சோதிக்க வேண்டுமாம். அந்த அம்மாளை எனக்குத் தெரியும். கையில் ஒரு டார்ச், ஒரு கரண்டி, ஒரு நோட்டு, மருந்துப் புட்டி. அதற்கு முன்பு அந்த மாதத்திலேயே இரண்டு தடவை எங்கள் வீட்டுக் கதவைத் தட்டியிருந்தார். முதல் தடவை, "பூஜை நேரம் அம்மா, அப்புறம் வா" என்று அனுப்பினேன். இரண்டாம் தடவை, "நேற்றுத்தான் எல்லாம் கழுவினோம்" என்றேன். கழுவவில்லை. மாடிப்படி ஏறிக் காட்டச் சோம்பல், அவ்வளவுதான்.

இந்தத் தடவை மேற்பார்வையாளரும் கூட இருந்ததால் மொட்டை மாடிக் கதவைத் திறந்துவிட்டேன். அங்கே என் தாயார் காலத்து ஆட்டுக்கல் ஒன்று கிடக்கிறது. தூக்கி எறிய மனம் வரவில்லை. குழவியை எடுத்துவிட்ட குழியில் இரண்டு படி மழைத் தண்ணீர் நின்றது. அந்த அம்மாள் குனிந்து டார்ச் அடித்தார்.

"சார், இங்கே வந்து பாருங்க."

பார்த்தேன். குழி நிறைய நெளிந்தது. வெளிச்சம் பட்டதும் எல்லாம் தலைகீழாகக் கீழே ஓடின. சற்றுத் தள்ளி நின்ற பிளாஸ்டிக் டிரம்மிலும் அப்படியே. அந்த டிரம் 2019-ல் வாங்கியது. பூண்டியும் சோழவரமும் செங்குன்றமும் செம்பரம்பாக்கமும் வற்றி, நிஜமான புகை வண்டியிலேயே ஜோலார்பேட்டையிலிருந்து சென்னைக்குத் தண்ணீர் வந்த வருஷம் அது. லாரித் தண்ணீரைப் பிடித்து வைக்க வாங்கினோம். பஞ்சம் போன பிறகும் பயம் போகவில்லை, டிரம்மும் போகவில்லை.

"அபராதமா?" என்று கேட்டேன்.

"இந்தத் தடவை நோட்டீஸ்தான் சார்" என்று சொல்லிவிட்டு அவர் டிரம்மைக் கவிழ்த்தார். "கொட்டினால் மட்டும் போதாது சார். ஓரத்திலே முட்டை ஒட்டியிருக்கும். நாரை வச்சுத் தேய்க்கணும்" என்றார்.

அது எத்தனை பெரிய உண்மை என்று அப்புறம் படித்துத் தெரிந்துகொண்டேன். இந்தக் கொசு தண்ணீரில் முட்டை இடுவதில்லை. தண்ணீருக்குச் சற்று மேலே, பாத்திரத்தின் சுவரில் ஒட்டி வைக்கிறது. தண்ணீர் வற்றிப் போனாலும் அந்த முட்டை மாதக் கணக்கில் காய்ந்தபடி உயிரோடு காத்திருக்கும். அடுத்த மழையில் தண்ணீர் ஏறித் தொட்டதும் பொரித்துவிடும். பிறகு ஏழெட்டு நாளில் கொசு. பங்குனி வெயிலில் காலியாகக் கிடக்கும் டிரம்மில்தான் ஐப்பசி ஜுரம் உறங்குகிறது.

இந்தக் கொசு பொதுவாக நூறு இருநூறு கெஜத்துக்கு மேல் பறந்து போவதில்லை. எங்கள் மாடிக்கும் பக்கத்து வீட்டுக்கும் நடுவே பத்தடிச் சந்துதான். அந்தப் பையனைக் கடித்தது எங்கள் வீட்டுக் கொசுதான் என்று யாரும் நிரூபிக்க முடியாது. இல்லை என்றும் நிரூபிக்க முடியாது. பையனின் தாயார் இப்போதும் எங்கள் வீட்டுக்கு மோர் கேட்டு வருகிறார். இந்த விஷயத்தை நான் அவரிடம் சொன்னதில்லை.

பழைய வியாதி, பழைய சட்டம்

சென்னைக்கு இந்த வியாதி புதிதென்று யாரும் எண்ண வேண்டாம். இந்தியாவில் டெங்கு போன்ற ஜுரம் பரவியதாகக் குறிப்பு இருப்பது முதன்முதலில் நம் சென்னையில்தான், 1780-ஆம் வருஷம். அதே வருஷத்தில் அமெரிக்காவில் பிலடெல்பியா நகரத்திலும் எலும்பை முறிப்பது போல் வலிக்கும் ஒரு ஜுரம் பரவியது. ரத்தக் கசிவோடு கூடிய கடுமையான ரகம் 1963-64-ல் கல்கத்தாவில் தலைகாட்டியது. 1996-ல் டில்லியில் 10,252 பேர் ஆஸ்பத்திரிகளுக்கு வந்தார்கள். 423 பேர் மாண்டார்கள். நாடு விழித்துக்கொண்டது அப்போதுதான்.

சட்டமும் புதிதல்ல. சென்னை மாகாணப் பொதுச் சுகாதாரச் சட்டம் 1939-ல் வந்தது. இம்மாதிரி ஒரு சட்டம் இந்தியாவிலேயே முதலில் செய்தது நாம்தான். கொசு வளர இடம் கொடுக்கக்கூடாது என்று அதில் அப்போதே எழுதிவிட்டார்கள். பொதுச் சுகாதாரத்துக்கென்று தனி இலாகா நமக்கு 1922-லிருந்து இருக்கிறது. பல ராஜ்யங்களுக்கு இன்றுகூட இந்தக் கொடுப்பினை இல்லை. ஆகவே சட்டம் இல்லை, இலாகா இல்லை, அறிவு இல்லை என்று நாம் சாக்குச் சொல்ல முடியாது.

இல்லாதது வேறு ஒன்று. குழாயில் தினமும் தண்ணீர் வந்தால் யார் டிரம் வாங்குகிறார்கள்? ஒரு நாள் விட்டு ஒரு நாள் வரும் ஊரில், எப்போது வருமோ என்று காத்திருக்கும் தெருவில், ஏழைக் குடும்பம் ஏழு குடத்திலும் ஒரு டிரம்மிலும் பிடித்துத்தான் வைக்கும். அந்தத் தாயைப் பார்த்து, "கொசு வளர்க்கிறாய்" என்று அபராதம் போடுவது நியாயமா? அவளுக்கு இறுக்கமான மூடி ஒன்று கொடுத்தால் அபராதத்தைவிட அதிகப் பலன் கிடைக்கும். என்னைப் போல் வீடும் மாடியும் சாவியும் உள்ளவன் கதவைத் திறக்க மறுத்தால், தாராளமாக அபராதம் போடட்டும். கட்டி முடிக்காத பெரிய கட்டடங்களின் அடித்தளத்தில் குளம் போல் தண்ணீர் நிற்கிறதே, அங்கே இன்னும் தாராளமாகப் போடட்டும்.

ஹவானா சொல்லும் கதை

கொசுவை வீடு வீடாகப் போய் ஒழிக்க முடியுமா என்று கேட்பவர்களுக்கு ஒரு தூர தேசத்து ஊரைக் காட்டலாம். கியூபாவின் தலைநகரமான ஹவானாவில், கார்லோஸ் பின்லே என்ற டாக்டர் 1881-ல் ஒரு விஷயம் சொன்னார்: மஞ்சள் காய்ச்சலைக் கொசுதான் பரப்புகிறது என்று. இருபது வருஷம் அவரை யாரும் மதிக்கவில்லை. 1900-ல் அது உண்மையென்று நிரூபணமாயிற்று. 1901-ல் அந்த ஊர்ச் சுகாதாரப் பொறுப்பில் இருந்த கார்கஸ் என்ற அதிகாரி ஆட்களை வீட்டுக்கு வீடு அனுப்பி, தொட்டிகளை மூடச் செய்தார். மூட முடியாத தண்ணீரில் எண்ணெய் ஊற்றினார். புழு கண்ட வீட்டுக்கு அபராதம் போட்டார். தலைமுறை தலைமுறையாக அந்த ஊரைத் தின்றுகொண்டிருந்த வியாதி சில மாதங்களில் ஓடிப் போயிற்று. அந்தக் கொசுவும் நம் ஆட்டுக்கல் கொசுவும் ஒரே ஜாதி.

பின்லே சொல்லிச் சரியாக நூறு வருஷம் கழித்து, 1981-ல் அதே நாட்டில் டெங்கு பிடித்தது. ஒரு கோடி ஜனங்களுக்குள் 3,44,203 பேருக்கு வியாதி. ஜூலை முதல் வாரத்தில் ஒரே நாளில் பதினோராயிரத்துக்கு மேல் புதிதாகப் படுத்தார்கள். 158 பேர் இறந்தார்கள். அதில் 101 பேர் குழந்தைகள். அங்கேயும் புகையும் மருந்தும் அடித்தார்கள், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் அதோடு ஒவ்வொரு வீட்டுத் தொட்டியையும் ஆள் போட்டுப் பார்த்தார்கள். சந்தேகம் இருந்தால் படுக்கையில் சேர்த்துக்கொள் என்று ஒரு லட்சத்துக்கு மேற்பட்டவர்களை ஆஸ்பத்திரியில் வைத்துப் பார்த்தார்கள். அத்தனை பெரிய தொற்றில் சாவு அவ்வளவோடு நின்றதற்கு அது ஒரு காரணம். அக்டோபர் மாதத்தில் தொற்று நின்றுவிட்டது.

கதை இங்கேயே முடிந்திருந்தால் நன்றாயிருக்கும். பிற்பாடு அந்த நாட்டுக்குப் பண முடை வந்தது. வேலை தளர்ந்தது. 1997-ல் சாந்தியாகோ நகரத்திலும், 2001-ல் ஹவானாவிலேயும் டெங்கு திரும்பி வந்தது.

"அங்கே உத்தரவு போட்டால் நடக்கும், இங்கே நடக்குமா?" என்று கேட்கலாம். நம் கல்கத்தா நகரசபை டெங்குவுக்காக வருஷம் பூராவும் ஆள் வைத்து, வார்டு வார்டாகத் தொட்டி பார்க்கும் ஏற்பாட்டைச் செய்திருக்கிறது. அங்கே டெங்கு வராமல் இல்லை, வரத்தான் செய்கிறது. ஆனால் மழை வந்த பிறகு ஆள் தேடும் நிலைமை இல்லை. சிங்கப்பூரைப் பாருங்கள். 1960-களில் நாலில் ஒரு வீட்டுக்கு மேல் ஏடிஸ் புழு இருந்த ஊர். 1973 வாக்கில் நூறு வீட்டுக்கு இரண்டு வீடு என்று கொண்டுவந்து விட்டார்கள். பதினைந்து வருஷம் நிம்மதியாக இருந்தார்கள். ஆனால் வியாதியே காணாமல் ஒரு தலைமுறை வளர்ந்ததால் அவர்கள் உடம்பில் எதிர்ப்புச் சக்தியும் இல்லாமல் போயிற்று. கொஞ்சக் கொசு இருந்தாலே தொற்றுப் பரவ ஆரம்பித்தது. 2020-ல் அந்தச் சின்ன ஊரில் 35,000 பேருக்கு மேல் டெங்கு. காவலைத் தளர்த்தாத ஊருக்கே இந்தக் கதி என்றால், மூன்று மாதம் மட்டும் காவல் காக்கும் ஊரைப் பற்றி என்ன சொல்ல?

படியேறி வருகிறவர்கள்

சென்னைக் கார்ப்பரேஷன் 1688-ல் பிறந்தது. 2011-ல் அதன் எல்லையை விரித்து 200 வார்டு ஆக்கினார்கள். இத்தனை பெரிய ஊரில், ஒரு வாரத்துக்கு ஒரு தடவையாவது ஒவ்வொரு வீட்டுத் தண்ணீரையும் ஒரு ஜோடிக் கண் பார்க்க வேண்டும். கொசு ஏழெட்டு நாளில் வளர்வதால், பதினைந்து நாளுக்கு ஒரு தடவை பார்ப்பதில் பிரயோஜனம் குறைவு. இந்த வேலையை யந்திரம் செய்யாது. டார்ச்சும் கரண்டியும் எடுத்துக்கொண்டு படியேறும் ஆட்கள்தான் செய்ய வேண்டும். அவர்களில் பெரும்பாலோர் தினக்கூலிக்காரர்கள், அல்லது ஒப்பந்தக்காரர்கள். ஜுரம் வந்தால் சேர்க்கிறார்கள், ஜுரம் போனால் நிறுத்துகிறார்கள். ஒரு தெருவின் தொட்டிகளும் நாய்களும் கோபக்காரர்களும் அவர்களுக்குப் பழகி வருவதற்குள் ஆள் மாறிவிடுகிறது. பழகாத முகத்துக்கு யார் மாடிக் கதவைத் திறக்கிறார்கள்? நானே திறக்கவில்லையே!

கணக்கு விஷயத்திலும் கொஞ்சம் மனம் திறந்து பேசவேண்டும். சர்க்கார் கணக்கின்படி தமிழ்நாட்டில் 2012-ல் டெங்கு கண்டவர்கள் 12,826 பேர், மாண்டவர்கள் 66. 2017-ல் 23,294 பேர்; மாண்டவர்கள் 65. இந்த எண்களை அப்படியே நம்பும் ஆசாமியை நான் இன்னும் சந்திக்கவில்லை. எண்ணுவதிலேயே ஒரு சிக்கல் உண்டு. தனியார் ஆஸ்பத்திரியில் செய்யும் அட்டைச் சோதனையைச் சர்க்கார் ஒப்புக்கொள்வதில்லை. எலைசா என்ற சோதனையில் உறுதியானால்தான் கணக்கில் சேரும். அந்த விதிக்கு நியாயம் உண்டு, அட்டை பொய் சொல்லக்கூடியது. ஆனால் உறுதியாகாததை என்ன பெயரிட்டு அழைப்பது? "மர்மக் காய்ச்சல்" என்று எழுதி எழுதி நம் பத்திரிகைகளுக்கும் பழகிவிட்டது. மர்மம் என்றால் ஜனங்கள் என்ன செய்ய முடியும்? திருஷ்டி சுற்றிப் போடலாம். டெங்கு என்றால் டிரம்மைக் கவிழ்க்கலாம்.

ஒவ்வொரு வாரமும் வார்டு வாரியாக, இத்தனை பேருக்கு டெங்கு, இத்தனை பேருக்குச் சந்தேகம், நூறு வீட்டில் இத்தனை வீட்டில் புழு என்று கார்ப்பரேஷன் பத்திரிகையில் போடட்டும். எண்ணிக்கை கூடினால் கெட்ட பெயர் வரும் என்று அதிகாரிகள் அஞ்ச வேண்டியதில்லை. எங்கள் வார்டில் புழு அதிகம் என்று ஞாயிற்றுக்கிழமை பத்திரிகையில் படித்திருந்தால், நான் பூஜை நேரம் என்று பொய் சொல்லியிருக்க மாட்டேன் என்றே நினைக்கிறேன். அபராதத்தைவிட அக்கம்பக்கத்துக்குத் தெரிந்துவிடும் என்ற கூச்சத்துக்குச் சக்தி அதிகம். அந்தப் புகை வண்டிக்கு ஆகும் எரிபொருள் செலவிலும் மருந்துச் செலவிலும் ஒரு பங்கை எடுத்து, இந்தப் படியேறும் ஆட்களுக்குப் பன்னிரண்டு மாதச் சம்பளமாகக் கொடுத்தால் ஊருக்கு லாபமே தவிர நஷ்டமில்லை.

எங்கள் தெருவுக்கு அந்த அம்மாள் இப்போது வியாழக்கிழமை தோறும் வருகிறார். மாடிச் சாவி வாசல் ஆணியிலேயே தொங்குகிறது. ஆட்டுக்கல் குழியில் மணலைக் கொட்டி நிரப்பிவிட்டேன். போன வாரம் அவர் கதவுக்குப் பின்னால் ஒட்டியிருக்கும் அட்டையில் தேதி போட்டுக் கையெழுத்திடும்போது, ஒரு டம்ளர் மோர் கொடுத்து, ஒரு நாளைக்கு எத்தனை வீடு என்று விசாரித்தேன்.

"ஐம்பது வீடு பார்க்கணும் சார். பாதி வீடு பூட்டியிருக்கும். மீதியிலே பாதிப் பேர் உள்ளே விட மாட்டாங்க."

"வேலை நிரந்தரமா அம்மா?"

"எங்கே சார்? டிசம்பர் வரைக்கும்தான்" என்று டம்ளரைக் கழுவி வைத்துவிட்டுச் சொன்னார். "அடுத்த வருஷம் ஜுரம் வந்தால் கூப்பிடுவாங்க."